மேற்படி கழுதையை முன்னிட்டு ஓர் ஊர் கலைக்கப்பட்ட வரலாறு

எண்பத்து மூன்று பேர் ஓரிடத்தில் வீடு கட்டிக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டால் அது ஊராகிவிடும் என்று விஷயம் தெரியாதவர்கள் நினைக்கிறார்கள். ஆகாது. அமெரிக்காவில் எங்கள் மிசோரிப் பக்கத்தில் ஊர் என்பது தானாக முளைக்கும் பொருள் அல்ல. குடியிருப்பவர்கள் மனுப் போட வேண்டும், வாக்கெடுப்பு நடத்த வேண்டும், "ஆமாம், நாங்கள் ஓர் ஊர்தான்" என்று பெரும்பான்மையாகத் தீர்மானிக்க வேண்டும். மாவட்ட அலுவலகம் அதை ஏற்று முத்திரை குத்த வேண்டும். அதுவரைக்கும் அது சும்மா வீடுகள்.

டட்டன்வில் 1911-ஆம் ஆண்டு மேற்கண்ட முறைப்படி ஊரானது. ஏன் ஆனது என்று பதிவேட்டில் எழுதப்படவில்லை. ஆறு தெருவிளக்கு, ஒரு 'நில்' பலகை, நாற்பத்தொரு ஊர்விதிகள், ஒரு மேயர், நான்கு மன்ற உறுப்பினர்கள், பகுதிநேரமாக ஓர் எழுத்தர் என்று சகல அங்கங்களும் அதற்கு உண்டு. அந்த எழுத்தர் நான்தான். கூட்டத்தில் பேசுவது என் வேலை அல்ல. மற்றவர்கள் பேசுவதைக் குறித்துக்கொள்வதே என் வேலை. அதற்காகவே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நாங்கள் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வதில்லை. ஒன்று பிடிக்கவில்லை என்றால், "வித்தியாசமா இருக்கே!" என்போம். வர இஷ்டமில்லை என்றால், "பார்க்கலாமே" என்போம். பக்கத்து வீட்டு நாய் நம் கோழியைத் தின்றுவிட்டால், "நாய் நல்லா தேறியிருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்காரர் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து ஊர்மன்றத்துக்குக் கடிதம் எழுதுவோம். மன்றம் நோட்டீஸ் அனுப்பும். நாய்க்காரர் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மிடமே வந்து வருத்தப்படுவார். "என்ன அநியாயம்!" என்று நாமும் கூடச் சேர்ந்து வருத்தப்படுவோம்.

இப்படியாக ஊர் அமைதியாக இருந்துவந்த காலத்தில், பதினோரு வருஷமாக மேயராக இருந்த மேவிஸ் டன்லப் அம்மையாருக்கு, சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் வெளியாரிடம் காட்டிக்கொள்ள ஒரு 'பிம்பம்' வைத்திருக்கிறது, டட்டன்வில்லுக்கு மட்டும் இல்லை என்ற குறை ஏற்பட்டது. நகரத்திலிருந்து ஒரு பிம்ப ஆலோசகரை வரவழைத்தார். கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிட்ட கால்சட்டையும் காலுறை இல்லாத பூட்சுமாக ஓர் இளைஞர் வந்து இறங்கினார்.

"உங்க ஊரோட கதை என்ன மேடம்?" என்று ஆரம்பித்தார்.

"1911-ல ஊரானோம்."

"அப்புறம்?"

மேவிஸ் கொஞ்சநேரம் யோசித்தார். "அப்புறம் ஒண்ணும் ஆகலை."

"பிரமாதம்!" என்று சொல்லி ஆலோசகர் தன் குறிப்பேட்டில் 'நிதானம்' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு விளம்பரக் கையேட்டுக்காகக் கடைத்தெருவை இருபத்து மூன்று படங்கள் எடுத்தார். கடைத்தெரு என்பது விதைக் கடை ஒன்றும் மூடிய வங்கி ஒன்றும். இருபத்து மூன்று படங்களிலும் பின்னணியில் ஒரு கழுதை இருந்தது. சிலவற்றில் கேமராவையே பார்த்தது.

"இது நகர்ப்புற உணர்வைக் குறைக்குது," என்றார் ஆலோசகர்.

"இப்ப எங்ககிட்ட நகர்ப்புற உணர்வு எவ்வளவு இருக்கு?"

"கழுதை இல்லேன்னா ஓரளவு இருக்கும் மேடம்."

மேற்படி கழுதையின் பெயர் கிளாடிஸ். உரிமையாளர் டெல்பர்ட் ஹாஸ்காம்ப். முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். முதுகுக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுக்கேட்டே வயதானவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை வீட்டில் இருந்த நிசப்தத்தில் தனக்குக் காது போய்விட்டதோ என்று பயந்து வைத்தியரிடம் போனார். காதில் ஒரு குறையும் இல்லை, வீட்டில்தான் யாரும் இல்லை என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியில் ஒரு கால்நடைச் சந்தையில் கிளாடிஸை வாங்கி வந்தார். தினமும் காலை ஆறரை மணிக்கு, அவர் பஸ்ஸைக் கிளப்பிய அதே நேரத்துக்கு, அது ஊருக்கே கேட்கும்படி ஒரு சத்தம் போடும். டெல்பர்ட் எழுந்து காப்பி போடுவார். அதற்குப் பிறகு அவர் வைத்தியரிடம் போகவில்லை.

மன்றம் கூடி நாற்பத்திரண்டாவது ஊர்விதியை ஒருமனதாக நிறைவேற்றியது: 'ஊர் எல்லைக்குள் குளம்புள்ள பிராணி எதுவும் வசிக்கலாகாது.' நோட்டீஸை நான்தான் தட்டச்சு செய்தேன். 'மேற்படி கழுதையைத் தாங்கள் அறுபது நாட்களுக்குள் எல்லைக்கு அப்பால் அகற்றிவிட வேண்டியது' என்று அதில் இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு டெல்பர்ட் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவரும் மேவிஸும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"திரு. ஹாஸ்காம்ப் அவர்களே, உங்களுக்கு மூணு நிமிஷம்," என்றார் மேவிஸ்.

"மேவிஸ், கிளாடிஸ் உன்னை என்ன பண்ணுச்சு?"

"கூட்டத்துல மேயர்னு கூப்பிடணும்."

"மேயரே, கிளாடிஸ் உன்னை என்ன பண்ணுச்சு?"

"எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணுமே இல்லப்பா. சட்டம்தான் ஒத்துக்க மாட்டேங்குது."

"சட்டத்தை என்ன பண்ணுச்சு?"

"அதுக்குக் குளம்பு இருக்கு."

"பொறந்ததுலேருந்து இருக்கே!"

"சட்டம் போன செவ்வாக்கிழமைதான் வந்துச்சு. என்ன செய்யறது, சொல்லு."

டெல்பர்ட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே யோசித்தார். "சரி, இந்த விதியை யார் ரத்து பண்ணலாம்?"

"மன்றம்."

"மன்றத்தை?"

"மன்றத்தை எப்படி ரத்து பண்றது? அது ஊரோட மன்றம். ஊர் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

"அப்ப ஊரை?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைப் புரட்டினேன். "குடியிருக்கிறவங்க பாதிப் பேர் கையெழுத்துப் போட்டு, வாக்கெடுப்புல ஜெயிச்சா, ஊரைக் கலைச்சுடலாம்," என்றேன். அந்த வருஷம் கூட்டத்தில் நான் பேசியது இந்த ஒரு வாக்கியம்தான். அதற்குப் பிறகு நான் பேசியதற்காக வருத்தப்படாத நாள் இல்லை.

ஊரில் வாக்காளர்கள் அறுபத்தொரு பேர். முப்பத்தொரு கையெழுத்து போதும். டெல்பர்ட் ஒரே மத்தியானத்தில் ஐம்பத்தேழு வாங்கிவந்தார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, நேரில் போய்க் கேட்டார், அவ்வளவுதான். இரண்டாவது கையெழுத்து எர்மா நீஹவுஸ் அம்மாளுடையது. கழுதை சத்தத்தால் தலைவலி வருகிறது என்று மன்றத்துக்கு நான்கு கடிதம் எழுதியவர் இதே எர்மாதான்.

"வாயில்லாத ஜீவனைப் போய் விரட்டறாங்களே, இவங்களுக்கு மனசு எப்படித்தான் வருதோ!" என்று கையெழுத்தும் போட்டு, ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரமும் கட்டிக் கொடுத்திருக்கிறார். கிளாடிஸுக்கு வாயில்லை என்று ஊரில் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மனு மாவட்ட வழக்கறிஞர் ஆஷ்பியிடம் போனது. அவர் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். "கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் ஊருக்குள்ளதான் குடியிருக்காங்கன்னு நிரூபிக்கணும். அதுக்கு ஊர் எங்கே இருக்குன்னு தெரியணும்," என்றார்.

அதுவரை யாருக்கும் அந்தச் சந்தேகம் வந்ததில்லை. 1911-ஆம் ஆண்டின் எல்லைப் பத்திரத்தைத் தேடி எடுத்தோம். 'ஹாப்ஸ் என்பவரின் பெரிய எல்ம் மரத்தில் தொடங்கி, ஓடை வளையும் இடம் வரை சென்று, அங்கிருந்து மேற்படி ஹாப்ஸின் செவலைப் பசு வழக்கமாக நிற்கும் இடம் வரை' என்று தெளிவாக எழுதியிருந்தது. நில அளவையாளர் வெய்மன் கருவிகளோடு வந்தார்.

"எல்ம் மரம் எங்கே?"

"நோய் வந்து பட்டுப்போச்சு. எங்க அப்பா காலத்துல," என்றார் டெல்பர்ட்.

"ஓடை?"

"அது அறுபத்து மூணு வெள்ளத்துல அந்தப் பக்கம் நகர்ந்துடுச்சு."

"பசு?"

வெய்மன் தொப்பியை ஒரு நொடி கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் அளந்தார். முடிவில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. டெல்பர்ட்டின் வீடு ஊருக்குள் இருந்தது. ஆனால் எல்லைக்கோடு அவருடைய வாசற்படிக்கும் கிளாடிஸ் மேயும் நிலத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் போனது. ஆகவே கிளாடிஸ் ஒருநாளும் டட்டன்வில்லில் வசித்ததில்லை. இரண்டாவது உண்மை, அந்த மேய்ச்சல் நிலத்துக்கு அடுத்தாற்போல இருந்த மேவிஸ் வீடும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. ஆகவே மேவிஸும் ஒருநாளும் டட்டன்வில்லில் வசித்ததில்லை.

"அப்ப பதினோரு வருஷமா நான் மேயரா இல்லையா?" என்று மேவிஸ் கேட்டார்.

"இல்லேன்னு யாருக்கும் தெரியாத வரைக்கும் இருந்தீங்க," என்றார் ஆஷ்பி. "இப்பத் தெரிஞ்சு போச்சு."

அன்றிலிருந்து டட்டன்வில்லுக்கு மேயர் கிடையாது. யாரும் கவனிக்கவில்லை. ஆனால் மேவிஸ் கவனித்தார்.

டெல்பர்ட்டுக்கு இனிப் பிரச்சினை இல்லை. மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அவரிடம் சொல்லவும் செய்தேன்.

"அது எப்படிம்மா? ஐம்பத்தேழு பேர் வேலையை விட்டுட்டு நின்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எர்மா ஆப்பிள் பலகாரம் வேற குடுத்தா. அதைத் தின்னுட்டேனே," என்றார்.

அவர் தயங்கி நின்ற அதே வாரத்தில் மேவிஸ் வேறொரு மனுவோடு வீடு வீடாகப் புறப்பட்டார். தம் வீட்டை ஊரோடு இணைத்துக்கொள்ள வேண்டும் என்ற மனு. ஊர் எல்லை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுத் தாண்டிப் போய் ஒரு வீட்டைப் பிடிக்க முடியாது. ஆகவே டெல்பர்ட்டின் மேய்ச்சல் நிலத்தை முழுசாக எடுத்துக்கொண்டால்தான் மேவிஸின் வீட்டைத் தொட முடியும். அதாவது, மேவிஸ் ஊருக்குள் வந்தால் கிளாடிஸும் ஊருக்குள் வந்துவிடும். வந்த கையோடு வெளியேற்றப்பட்டுவிடும்.

இப்போது ஊர் கலைந்தால்தான் கழுதை பிழைக்கும். ஊர் பெருத்தால்தான் மேயர் பிழைப்பார். இரண்டு கேள்வியும் ஒரே வாக்குச்சீட்டில், ஒரே நவம்பரில்.

அந்த இலையுதிர் காலம் முழுவதும் எங்கள் ஊரில் யாரும் சமைத்ததாகவே தெரியவில்லை. மேவிஸ் நூடுல்ஸும் சூரை மீனும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு வறுவலை நொறுக்கித் தூவி, அடுப்பில் வேகவைத்த கேசரோலைத் தட்டுத்தட்டாக எடுத்துக்கொண்டு போனார். டெல்பர்ட்டுக்குச் சமைக்கத் தெரியாது. அவர் கிளாடிஸையே கூட்டிக்கொண்டு போனார்.

"டெல்பர்ட், உனக்கில்லாத ஓட்டா? கலைச்சுடுவோம் போ!" என்பார்கள்.

அரைமணி கழித்து அதே வாசலில், "மேவிஸ், நீ இல்லாத ஊர் ஒரு ஊரா? உன்னைச் சேர்த்துக்காம விட்டுடுவோமா!" என்பார்கள்.

என்னிடமும் இரண்டு பேரும் வந்தார்கள். நான் இரண்டு பேரிடமும் தலையை ஆட்டினேன்.

வாக்கெடுப்பு லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்தது. ரகசிய வாக்குத்தான், சட்டம் அதில் கண்டிப்பாக இருக்கிறது. சாவடிக்குத் திரை உண்டு, பென்சில் உண்டு, யாரும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு வாக்குச்சீட்டின் முகத்துக்கு நேராகவும் 'வேண்டாம்' என்று சொல்ல மனம் வரவில்லை.

எண்ணிப் பார்த்தோம். மேவிஸ் வெளியூர்க்காரராகிவிட்டபடியால் மொத்தம் அறுபது வாக்கு. ஊரைக் கலைக்கலாமா? ஆம் ஐம்பத்தெட்டு, இல்லை இரண்டு. ஊரை விரிவாக்கலாமா? ஆம் அறுபது. முதல் கேள்விக்கு 'இல்லை' போட்ட இரண்டு பேரும், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் நேர்ந்த பிழை என்று பிறகு டெல்பர்ட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

நான் இரண்டாவது எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அறுபது என்றால் அதில் டெல்பர்ட்டும் அடக்கம்.

"நீங்களுமா விரிவாக்கத்துக்கு 'ஆம்' போட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் காப்பிக் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நேர்ல வந்து கேட்டாளேம்மா."

வழக்கறிஞர் ஆஷ்பி ஆறு பக்கத்துக்குக் கருத்துரை எழுதி அனுப்பினார். அதன் சாரம் இது: ஊர் முதலில் பெரிதாகி, அதன் பிறகு இல்லாமல் போனதாகக் கொள்ள வேண்டும். ஆகவே இப்போது இல்லாமல் இருப்பது, முன்பு இருந்ததைவிடப் பெரிய ஊர். மேலும், கலைந்த ஊரின் காரியங்களைத் தீர்த்து முடிக்க ஒரு கலைப்புப் பொறுப்பாளர் தேவை. தெருவிளக்கு ஒப்பந்தம் 2041 வரை இருப்பதால் அதுவரை அவர் பதவியில் இருக்க வேண்டும். அதுவரை எல்லா ஊர்விதிகளையும் அவர் வழுவாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். அவர் பழைய மன்றத்தைச் சேராதவராகவும் நன்னடத்தைக்கு அரசுச் சான்று உள்ளவராகவும் இருப்பது அவசியம்.

முப்பத்து நான்கு வருஷம் விபத்தில்லாமல் ஓட்டியதற்கு அரசுச் சான்றிதழ் வைத்திருந்தவர் ஊரில் ஒருவர்தான். மாவட்ட ஆணையரே நேரில் வந்து டெல்பர்ட்டைக் கேட்டார். நேரில் வந்து கேட்டுவிட்டதால் டெல்பர்ட்டும் ஒப்புக்கொண்டார்.

முதல் வாரம் அவர் அலுவலக நாற்காலியின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் எர்மா வந்தார்.

"டெல்பர்ட், நம்ம ஃபிளாய்டு வாசல்ல காத்து மணி கட்டியிருக்கான் பாரு, ராவெல்லாம் கிணுகிணுன்னு ஒரே தொல்லை."

"அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

எர்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரன்கிட்டப் போய் எப்படிப்பா சொல்றது? ஊரைக் கலைச்சதுலேருந்து இதுக்கெல்லாம் ஒரு நாதியில்லாமப் போச்சு. நீ ஒரு நோட்டீஸ் விட்டேன்னா யாருக்கும் மனவருத்தம் இல்லாமப் போயிடும்."

நோட்டீஸ் போயிற்று. ஃபிளாய்டு அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். டெல்பர்ட் என்ன செய்வாரோ என்று நான் பயந்தேன். அவர் நாற்காலியில் சற்றுப் பின்னால் சாய்ந்து, தமக்கே புதிதான ஒரு குரலில், "என் கையில என்ன இருக்கு ஃபிளாய்டு? விதி அப்படி இருக்கு," என்றார்.

சொல்லி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு வியப்பு தெரிந்தது. எழுபது வயதில் முதல்முறையாக ஒரு மனிதனுக்கு 'முடியாது' என்று சொல்லியிருக்கிறார். அதில் தம் பங்கு ஒன்றுமே இல்லாமல் சொல்லியிருக்கிறார். மறுநாள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் 'மறுக்கப்பட்டது' என்று ஒரு ரப்பர் முத்திரை தருவித்தார். 'ஏற்கப்பட்டது' என்றும் ஒன்று வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்.

ஊர் இருந்த காலத்தில் மாதம் மூன்று புகார் வரும். ஊர் இல்லாத காலத்தில் நாளைக்கு ஏழு வந்தது. எல்லாவற்றுக்கும் நோட்டீஸ் போயிற்று. வாரம் ஒருநாள் திறந்திருந்த அலுவலகம் தினமும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தது. எல்லோருக்கும் எரிச்சல். எல்லோரும் வழியில் பார்க்கும்போது, "என்னமா நிர்வாகம் பண்றே டெல்பர்ட்!" என்றார்கள்.

ஜனவரியில் எர்மாவின் ஐந்தாவது கடிதம் வந்தது. காலை ஆறரை மணி, தலைவலி, குளம்புள்ள பிராணி, விதி நாற்பத்திரண்டு.

டெல்பர்ட் அதை மூன்று தடவை படித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "நோட்டீஸ் அடிச்சிடும்மா," என்றார்.

"யார் பேருக்கு?"

"டெல்பர்ட் ஹாஸ்காம்ப், மேப்பிள் தெரு."

அடித்தேன். அவரே கையெழுத்துப் போட்டார். அவரே போகும் வழியில் தபாலில் சேர்த்தார். இரண்டு நாள் கழித்து அது அவருக்குக் கிடைத்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முகம் சிவக்க வந்து, வழக்கமான நாற்காலிக்குப் போகாமல், மேஜைக்கு இந்தப் பக்கம், வருகிறவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இருந்த காலி நாற்காலியை ரொம்பநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சுற்றிப்போய் அதில் உட்கார்ந்து, முத்திரையை எடுத்து ஒரு குத்துக் குத்தினார்.

நான் மெதுவாக, "பொறுப்பாளர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"ஒருத்தருக்கு விதிவிலக்கு குடுத்தா நாளைக்கு ஆளாளுக்குக் கழுதையைக் கொண்டுவந்து நிறுத்துவாங்கங்கறார்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க சங்கடம் எனக்குப் புரியுது, பரவாயில்லேன்னு சொல்லிட்டேன்."

அன்று அவர் பன்னிரண்டு மணிக்குப் பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த சோளக்காட்டின் தட்டைகளைப் பார்த்தபடி இருந்தார். "கிளாடிஸ் இல்லாத வீட்டுல எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறதுன்னே தெரியாதும்மா," என்றார்.

வரைபடத்தை விரித்து, எல்லைக்கு வெளியே மிக அருகில் என்ன இருக்கிறது என்று நான்தான் பார்த்துச் சொன்னேன். மேவிஸ் தம் வீட்டை ஊரோடு இணைக்கும்போது சமையலறைப் பின்சுவரோடு எல்லைக்கோட்டை நிறுத்தியிருந்தார். பின்பக்கப் புல்வெளியில் அவர் போட்டிருந்த கொட்டகை, பத்தொன்பதாம் விதி அனுமதிக்கும் அளவைவிட ஆறு அடி நீளம். அந்த விதியைக் கொண்டுவந்ததே அவர்தான் என்பதால், சட்டத்தை மதித்துக் கொட்டகையை ஊருக்கு வெளியே விட்டுவிட்டார்.

டெல்பர்ட் கிளாடிஸின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார். நான் நோட்டீஸின் நகலோடு கூடப் போயிருந்தேன்.

"மேவிஸ், உன் பின்பக்கத்துல கொஞ்சநாள் இது இருக்கட்டுமா?"

மேவிஸின் முகம் ஒரு நொடி கோணியது. பிறகு சரியாகிவிட்டது. "ஐயோ, இதுக்கு என்னப்பா கேள்வி? தாராளமா! புல்லும் மட்டமாயிடும்."

கிளாடிஸ் அந்தக் கொட்டகையில் குடியேறியது. கொட்டகைக்கும் மேவிஸின் படுக்கையறை ஜன்னலுக்கும் இடையே பன்னிரண்டு அடி. தினமும் காலை ஆறேகாலுக்கு டெல்பர்ட் கேரட்டோடு வந்து நிற்பார். ஆறரைக்கு ஊர் எழும். அவர் சிரித்துக்கொண்டே காப்பி குடிக்கப் போவார். பதினேழாவது நாள் மேவிஸ் கண்ணெல்லாம் வீங்கி அலுவலகத்துக்கு வந்தார்.

"பொறுப்பாளர் அவர்களே, என் வீட்டுப் பின்னால ஒரு கழுதை இருக்கு. அதை அப்புறப்படுத்த ஒரு நோட்டீஸ் வேணும்."

"உங்களுக்கு அந்தக் கழுதையால தொல்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்லே. பொதுவாச் சொல்றேன்."

டெல்பர்ட் வரைபடத்தைப் பார்த்தார். "அந்த இடம் என் அதிகாரத்துக்கு வெளியே இருக்கு, அம்மணி. அதை எல்லைக்குள்ள கொண்டுவரணும்."

"கொண்டுவா!"

"எல்லையை விரிவாக்க வாக்கெடுப்பு வேணும். வாக்கெடுப்பு நடத்த ஊர் வேணும். ஊரை நாமதான் கலைச்சுட்டோமே." முத்திரை விழுந்தது.

"அப்ப உன்னை மாத்தறதுன்னாலும்?"

"அதுக்கும் ஊர் வேணும்," என்றார் டெல்பர்ட் பணிவாக.

ஆகவே மேவிஸ் மறுபடியும் மனுத்தாள் செருகிய பலகையைக் கையில் எடுத்தார். 'கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள் ஓர் ஊராக விரும்புகிறோம்' என்று தலைப்பு. எல்லை இந்த முறை தாராளம். நான்கு பக்கமும் அடுத்த மாவட்டத்தைத் தொடும் வரை எழுதியிருந்தார். கொட்டகை, புல்வெளி, ஓடை, சோளக்காடு எல்லாம் உள்ளே. பழைய விதிகள் நாற்பத்திரண்டும் அப்படியே தொடரும். பத்தொன்பதாம் விதியில் மட்டும் ஆறு அடி கூட்டியிருந்தது. இந்த ஊர் வந்துவிட்டால் கிளாடிஸுக்கு நடந்து போகிற தூரத்தில் நிற்க இடம் கிடையாது. ஏதாவது சந்தைக்குத்தான் போக வேண்டும்.

கையெழுத்துக்குச் சாட்சியாக எழுத்தர் கூட இருக்க வேண்டும் என்பதால் வீடு வீடாக நானும் போனேன். எர்மா போட்டார். ஃபிளாய்டு போட்டார். கடைசியாக மேப்பிள் தெருவுக்கு வந்தோம். சாயங்காலம் ஐந்து மணி. டெல்பர்ட் டையைக் கழற்றிவிட்டு, பழைய சட்டையோடு கதவைத் திறந்தார். மேவிஸ் முதலில் கேசரோலை நீட்டினார், பிறகு பலகையை.

"டெல்பர்ட், இது கிளாடிஸைப் பத்தின விஷயம் இல்லே, தெரியும்ல?"

"தெரியும் மேவிஸ்."

"உனக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம்ப்பா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"சேச்சே, என்ன பேச்சு இது!"

அவர் என்னைப் பார்த்தார். முத்திரை இருந்த அலுவலகம் திறக்க இன்னும் பதினாறு மணிநேரம் இருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், வாய்வரைக்கும் வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் பலகையை முழங்கையில் தாங்கி, பொறுமையாக, தெளிவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல முழுப்பெயரையும் எழுதினார். எழுதிவிட்டு, "கேசரோல் இன்னும் சூடா இருக்கே," என்றார்.

அவருக்குக் கீழே இருந்த கோட்டில் நான் போட்டேன். அத்தோடு ஊரில் எல்லோரும் போட்டாயிற்று. யாராவது ஒருவர் கட்டாயம் மறுத்துவிடுவார் என்ற தைரியத்தில்தான் நான் போட்டேன். பிறகு மெல்ல விசாரித்ததில் தெரிந்தது, அறுபத்தொரு பேரும் அந்த ஒரே தைரியத்தில்தான் போட்டிருக்கிறார்கள்.